சினம் செல்லுபடியாகும் இடம்

அறநூல்களை வகுப்பறையில் கற்பிக்கும் தமிழாசிரியப் பெருமக்களுக்கு,

திருக்குறளும் நாலடியாரும் பழமொழி நானூறும் தமிழ்நாட்டுக் குழந்தையை முதன்முதலில் வந்தடைவது நூலகத்தின் வழியாகவோ மேடைப்பேச்சின் வழியாகவோ அன்று. உங்கள் குரலின் வழியாகவே. பொறாமை எங்கிருந்து கிளம்புகிறது, பிறர் பொருளின்மேல் மனம் செல்வது எப்படித் தொடங்குகிறது, வாய்மை என்பதன் எல்லை எது என்பவற்றை ஒரு மனிதன் தன் வாழ்நாளில் முறையாக அமர்ந்து கேட்கும் காலம் மிகக் குறுகியது. அந்தக் காலம் முழுவதும் அவன் உங்கள் பொறுப்பில் இருக்கிறான். பள்ளியை விட்டு வெளியேறியபின் அவனுக்குச் சட்டம் சொல்வோர் இருப்பர், சமயம் சொல்வோர் இருப்பர், தொழில் சொல்வோரும் இருப்பர்; ஆனால் மனிதக் குணம் எப்படி உருவாகிறது, எப்படிக் கெடுகிறது என்று ஒரு நூலை விரித்துவைத்து அவனோடு பேசுவோர் மறுபடியும் கிடைப்பது அரிது. அதனாலேயே இம்மடல் கல்வித்துறைக்கோ பாடநூல் குழுவுக்கோ எழுதப்படாமல் உங்களுக்கு எழுதப்படுகிறது. இதில் கேட்கப்படுபவை எவையும் அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியவை அல்ல.

முதலில் சொல்லவேண்டிய குறை தேர்வைப் பற்றியது. அடிபிறழாமல் எழுதுக என்றும், இன்ன சொல்லில் முடியும் குறளை எழுதுக என்றும், அலகிட்டு வாய்பாடு தருக என்றும் வினாத்தாள் கேட்கிறது. ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் எதைக் கொண்டு முடிகிறது என்று மாணவர் சரியாக எழுதிவிட்டால், குறள் கற்பிக்கப்பட்டுவிட்டதாகவே கணக்கு முடிக்கப்படுகிறது. வினாத்தாளை வகுப்பவர் நீங்கள் அல்லர் என்பதும், தேர்ச்சி விழுக்காட்டுக்கு விடை சொல்லவேண்டியவர் நீங்களே என்பதும், மெல்லக் கற்கும் பிள்ளைக்கு மனப்பாடப் பகுதியின் மதிப்பெண் கரைசேர உதவும் தெப்பம் என்பதும் மறுக்க முடியாதவை. மனப்பாடம் என்பதே தவறு என்றும் இங்குச் சொல்லப்படவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பொருள் புரியும் முன்பே பிள்ளைகளின் நாவில் ஏற்றப்பட்டன. பன்னிரண்டு வயதில் நெட்டுருவிட்ட குறள் நாற்பது வயதில், வாழ்க்கை ஓர் அடி கொடுத்த நாளில், தானே வந்து பொருள் சொல்வதும் உண்டு. ஆனால் அந்தப் பழைய முறையில் மனப்பாடம் வாயிலாக இருந்தது. இன்று அதுவே வீடாகிவிட்டது. நாவில் ஏற்றிய பிறகு நெஞ்சில் இறக்குவதற்கு என ஒரு பாடவேளைகூட ஒதுக்கப்படாத நிலையில், குழந்தை குறளிலிருந்து கற்பது குறள் சொல்வதை அன்று. பெரியவர்கள் விரும்பும் சொற்களைப் பெரியவர்கள் விரும்பும் வரிசையில் திருப்பித் தந்தால் நல்லவன் என்று பெயர் கிடைக்கும் என்பதையே அது கற்றுக்கொள்கிறது. உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக நடப்பதைக் கூடாவொழுக்கம் என்று பெயரிட்டு ஓர் அதிகாரம் முழுவதும் கண்டித்த நூலைக் கொண்டே அந்தப் பழக்கத்திற்கு முதல் பயிற்சி தரப்படுவது, இம்மொழியில் அக்கறை கொண்ட எவருக்கும் வலிக்கவேண்டிய செய்தி.

இந்நூல்களை இயற்றியவர்கள் தம் பணியை எப்படிக் கருதினர் என்பதற்கு அவர்கள் இட்ட பெயர்களே சான்று. பதினெண்கீழ்க்கணக்கு எனத் தொகுக்கப்பட்ட பதினெட்டு நூல்களுள் பதினொன்று அறநூல்கள். அப்பதினொன்றில் மூன்று மருந்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றால் ஆனது திரிகடுகம். கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர்களால் ஆனது சிறுபஞ்சமூலம். ஏலத்தை முதலாகக் கொண்டு ஆறு பொருள்களால் ஆனது ஏலாதி. குணக்கேடு என்பது குற்றவாளிக்கு உரிய அடையாளம் அன்று, எந்த உடலிலும் தோன்றக்கூடிய நோய். அதற்கு வேண்டியது இகழ்ச்சி அன்று, மருந்தும் பத்தியமும் என்ற பார்வை இப்பெயர்களில் உறைந்திருக்கிறது. மருந்தின் சரக்குகளை வரிசை தவறாமல் ஒப்பிக்கும் நோயாளிக்கு நோய் தீர்ந்துவிடாது என்பதை அறியாதவர் இல்லை. எனினும் இந்நூல்களின் வகுப்பில் நிகழ்வது பெரும்பாலும் சரக்குகளின் பெயரை ஒப்புவிப்பதே.

நோய் என்று கொண்டால் அதன் போக்கை அறியவேண்டும். அங்கேதான் உங்கள் கையில் உள்ள திருக்குறள் வியக்கத்தக்க நுட்பத்தைக் காட்டுகிறது. இல்லறவியலின் பிற்பகுதியில் அழுக்காறாமை, வெஃகாமை, புறங்கூறாமை, பயனில சொல்லாமை, தீவினையச்சம் என ஐந்து அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அழுக்காறு என்பது பிறர் ஆக்கம் கண்டு பொறாத மனநிலை. வெஃகல் என்பது பிறர்க்குரிய பொருளைத் தனக்கென விரும்புதல். புறங்கூறல் என்பது ஒருவர் இல்லாத இடத்தில் அவரை இகழ்ந்துரைத்தல். உரையாசிரியர் பரிமேலழகர் இந்த வரிசைக்குக் காரணம் கூறுகிறார்: மொழியில் தோன்றும் குற்றம் மனத்தில் தோன்றிய குற்றத்தை அடியாகக் கொண்டே வருவதால், மனக்குற்றங்களாகிய முன்னிரண்டின் பின்னே மொழிக்குற்றங்கள் வைக்கப்பட்டன, மெய்யால் நிகழும் தீமைகள் அவற்றுக்கும் பின்னே தொகுத்து விலக்கப்பட்டன. குறள்களின் வைப்புமுறையில் உரையாசிரியர்களிடையே வேறுபாடு உண்டு. ஆயினும் இந்த ஐந்தின் தொடர்ச்சியில் பரிமேலழகர் கண்ட உளவியல் உண்மை, வைப்புமுறை யாருடையது என்ற ஆராய்ச்சியைச் சார்ந்து நிற்பதன்று. தீச்செயல் திடீரென்று நிகழ்வதில்லை, அதற்கு முன்னே ஒரு சொல் இருந்தது, சொல்லுக்கு முன்னே ஒரு நினைவு இருந்தது, நினைவு தோன்றிய அந்தச் சிறு பொழுதிலேயே மனிதன் தன்னைத் திருப்பிக்கொள்ள முடியும் என்பதே அது சொல்வது.

இதைக் குழந்தைக்குக் காட்டத் தொலைவில் எங்கும் தேடவேண்டியதில்லை. தேர்வுத்தாள் திருத்தித் தரப்பட்ட நாளில் பக்கத்து இருக்கைப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கண்டதும் வயிற்றில் எழும் ஒரு சிறு எரிச்சல். அந்த மதிப்பெண் தனக்கு வந்திருக்கவேண்டும் என்ற எண்ணம். மறுநாள் இடைவேளையில், அவள் பார்த்து எழுதினாள் என்று இன்னொரு தோழியிடம் சொல்லும் சொல். அச்சொல் பலர் வாயில் உருண்டு வெறும் பேச்சாகிப் பரவுதல். கடைசியில் ஒருநாள் அவளுடைய குறிப்பேடு காணாமற்போதல். ஐந்து அதிகாரங்களும் ஒரு வகுப்பறைக்குள்ளேயே, ஒரு வாரத்திற்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகின்றன. ஆனால் இந்த அதிகாரங்கள் வெவ்வேறு வகுப்புகளின் பாடங்களாகப் பிரிந்து, ஆண்டுகள் இடைவெளியில் தனித்தனியே படிக்கப்படும்போது குழந்தைக்குத் தெரிவது ஐந்து தனித் தடைகள் மட்டுமே. ஒன்று மற்றொன்றாக வளரும் விதம் தெரிவதில்லை. பொறாமைப்படாதே என்று தனியே சொன்னால் அது வெறும் கட்டளை. இந்தச் சிறு எரிச்சல் எங்கே போய் முடியும் என்று சேர்த்துக் காட்டினால் அது அறிவு. கட்டளையை மீறும் குழந்தையும் தன் அறிவை மீறத் தயங்கும்.

இனிச் சொல்லப்படுவது சற்றுக் கடுமையாகத் தோன்றினும் பொறுத்தருள வேண்டும். இம்மடல் எழுதப்பட்டதற்கு உண்மையான காரணம் இதுவே.

வெகுளாமை என்னும் அதிகாரத்தின் தொடக்கத்தில் வள்ளுவர் சினத்தை இரண்டு இடங்களாகப் பிரிக்கிறார். தன் சினம் செல்லுபடியாகும் இடத்தில், அதாவது தன்னினும் எளியவரிடத்தில், அதை எழாமல் காப்பவனே உண்மையில் சினம் காத்தவன். செல்லுபடியாகாத இடத்தில், அதாவது தன்னினும் வலியவரிடத்தில், அதை ஒருவன் காத்தால் என்ன, காவாவிட்டால் என்ன என்று கேட்கிறார். உடனே அடுத்த குறளில், செல்லாத இடத்தில் சினம் கொள்வதும் தீதே, செல்லும் இடத்தில் கொள்வதோ அதனினும் தீயதொன்று இல்லை என்று முடிக்கிறார். இதன் கூர்மை ஓர் அளவுகோலை மாற்றிவிடுவதில் இருக்கிறது. மேலதிகாரியின் முன் குரல் உயர்த்தாதவரைப் பொறுமைசாலி என்று உலகம் பாராட்டுகிறது. வள்ளுவர் அந்தப் பாராட்டை ஏற்கவில்லை. அங்கே அடக்கியது அறம் அன்று, விளைவைக் குறித்த அச்சம். ஒருவருடைய குணத்தை அளக்கவேண்டிய இடம், அவர் என்ன செய்தாலும் தட்டிக்கேட்க ஆள் இல்லாத இடமே.

ஒரு மனிதனின் சினம் முழுமையாகச் செல்லுபடியாகும் இடங்கள் உலகில் அதிகம் இல்லை. அவற்றுள் ஒன்று உங்கள் வகுப்பறை. கதவு சாத்தப்பட்ட அந்த அறையில் நாற்பது குழந்தைகளுக்கு முன் நீங்கள் ஒருவரே நின்றுகொண்டிருக்கும்போது, தலைமையாசிரியர் கூட்டத்தில் அடக்கிவைத்த சினமும், பேருந்தில் விழுங்கிய சினமும், வீட்டில் சொல்ல முடியாத சினமும் வெளியேறுவதற்கு வேறெங்கும் இல்லாத எளிய வழி அங்கே திறந்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில் உடல் சார்ந்த தண்டனையை மட்டுமன்றி மனத்துன்பம் தருவதையும் தடை செய்திருக்கிறது. பிரம்பைச் சட்டம் பறிக்க முடியும். ஆனால் ஒரு சொல்லின் ஓரத்தில் இருக்கும் கூர்மையையும், ஒரு பார்வையின் இகழ்ச்சியையும் எந்தச் சட்டமும் சோதனையிட்டுக் கைப்பற்ற முடியாது. அங்கே காவல் நிற்கவேண்டியவர் நீங்கள் மட்டுமே. வெகுளாமையை நீங்கள் கரும்பலகையில் எழுதும் நாளில் குழந்தைகள் பாடத்தைக் கேட்கின்றனர். வீட்டுப்பாடம் எழுதிவராத பிள்ளை எழுந்து நிற்கும் நாளில் அவர்கள் அதன் உரையைக் காண்கின்றனர். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால், அறிவுள்ள குழந்தை நம்புவது உரையைத்தான்.

இந்தச் சினத்திற்குக் குறளையே கருவியாக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. தாமதமாக வந்ததற்கு, பேசியதற்கு, பிழையாக எழுதியதற்கு, பத்துக் குறளை இருபது முறை, ஐம்பது முறை எழுதிவரச் சொல்லும் இம்போசிஷன் பல பள்ளிகளில் இன்றும் உயிரோடிருக்கிறது. அடிப்பதைவிட இது மென்மையானது, எழுதினால் மனப்பாடமும் ஆகும் என்ற நியாயம் இதற்குச் சொல்லப்படுகிறது. ஆனால் விரல் வலிக்க வலிக்க எழுதும் குழந்தையின் மனத்தில் அந்தக் குறள் எதனோடு முடிச்சுப்போடப்படுகிறது என்பதை எண்ணிப்பாருங்கள். பொறையுடைமையை ஐம்பது முறை எழுதிய பிள்ளைக்குப் பொறுமை என்ற சொல், வலியவர் எளியவர்மேல் ஏவும் ஒன்றாகவே பதிகிறது. பிற்காலத்தில் திருக்குறள் என்றாலே முகம் திருப்பும் பெரியவர்கள் நம்மிடையே இருப்பதற்கு இத்தகைய மாலைப்பொழுதுகளும் காரணமாக இருக்கக்கூடும் என்று கருத இடமுண்டு. மருந்தையே சூடுபோடப் பயன்படுத்தியபின் அதை விரும்பி உண்ணுமாறு எந்தக் குழந்தையைக் கேட்க முடியும்?

சினத்தோடு சேர்த்துப் பேசவேண்டிய இன்னொன்று நாணம். சான்றாண்மை என்பது நற்குணங்கள் பலவும் நிறைந்து அவற்றை ஆளும் தன்மை. அதைத் தாங்கும் தூண்களாக வள்ளுவர் அன்பு, நாண், ஒப்புரவு, கண்ணோட்டம், வாய்மை ஆகிய ஐந்தைக் கூறுகிறார். ஒப்புரவு என்பது உலகியல்பை அறிந்து பிறர்க்கு உதவி வாழ்தல். கண்ணோட்டம் என்பது பழகியவரிடத்துக் காட்டும் இரக்கம். நாண் என்பது இங்குப் பெண்களின் இயல்பான கூச்சத்தைக் குறிப்பதன்று. நாணுடைமை அதிகாரத்தின் முதற்குறளே அவ்விரண்டும் வேறு என்று பிரித்துக்காட்டிவிடுகிறது. தகாத செயலைச் செய்ய நேரும்போது, பிறர் காண்கிறாரா இல்லையா என்பதைக் கருதாமல், உள்ளிருந்தே ஒன்று பின்னுக்கு இழுக்கிறதே, அதுவே நாண். இது வெளியிலிருந்து வரும் அவமானத்திற்கு நேர் எதிரானது. ஆயினும் இரண்டும் ஒன்றெனக் குழப்பப்படுவதால் வகுப்பறையில் பெருந்தீங்கு விளைகிறது. பிழை செய்த பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்தி மற்றவர்களைச் சிரிக்கவைத்தால் அவனுக்கு நாணம் வரும் என்று கருதப்படுகிறது. வருவது அவமானம், அது மீண்டும் மீண்டும் நிகழும்போது, உள்ளே இருந்த மெல்லிய நாண் மரத்துப்போகிறது. அதற்குப்பின் அவன் பிறர் காணும் இடத்தில் ஒதுங்கவும் காணாத இடத்தில் துணியவும் கற்றுக்கொள்கிறான். தூண்களுள் ஒன்று உங்கள் கண்முன்னேயே உளுத்துப்போகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒழுங்கான வகுப்பு என்றே தோன்றும்.

ஆசிரியர் ஓய்வறையையும் இங்குக் குறிப்பிடாமல் செல்ல இயலாது. ஒரு குழந்தையைப் பற்றி, இவன் உருப்படமாட்டான் என்றும், அந்தக் குடும்பமே அப்படித்தான் என்றும், அந்தத் தெருப் பிள்ளைகளிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்றும் பேசப்படும் பேச்சு, புறங்கூறலின் இலக்கணத்திற்கு முழுமையாகப் பொருந்துவது. இகழப்படுபவர் அங்கு இல்லை, மறுமொழி சொல்லவும் அவரால் இயலாது. அந்தப் பேச்சு ஆறாம் வகுப்பு ஆசிரியரிடமிருந்து ஏழாம் வகுப்பு ஆசிரியருக்கும், அவரிடமிருந்து எட்டாம் வகுப்பு ஆசிரியருக்கும் குழந்தைக்கு முன்னரே சென்று சேர்ந்து, அவன் வருவதற்குள் அவனுக்கு ஒரு குணத்தை வகுத்துவைத்துவிடுகிறது. எல்லா உயிர்க்கும் பிறப்பு ஒன்றே, வேறுபாடு செய்யும் தொழிலால் வருவதே என்று பெருமை அதிகாரத்தில் கற்பிப்பவரும், முயற்சி ஊழையும் புறங்காணும் என்று ஆள்வினையுடைமையில் கற்பிப்பவரும், ஒரு பத்து வயதுப் பிள்ளையின் குணம் தெருவாலும் குடும்பத்தாலும் முடிந்துபோனது என்று ஓய்வறையில் நம்பினால், அவர் கற்பித்தது எங்கே நிற்கும்? பிறர் குற்றத்தைக் காண்பதுபோல் தன் குற்றத்தையும் காண முடிந்தால் உலகில் தீங்கு உண்டோ என்ற கேள்வியோடுதான் புறங்கூறாமை அதிகாரம் முடிகிறது என்பதை உங்களுக்கு நினைவூட்டவேண்டியதில்லை.

குழந்தைகளின் வினாக்களைப் பற்றியும் ஒரு முறையீடு உண்டு. வாய்மை அதிகாரம் தொடங்கும்போதே, பிறர்க்கு எத்தகைய தீங்கும் தராத சொல்லே வாய்மை என்று அதற்கு எதிர்பாராத ஒரு வரையறை தரப்படுகிறது. குற்றமற்ற நன்மையை விளைவிக்குமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று அடுத்த குறள் மேலும் ஒரு படி செல்கிறது. இதைக் கேட்ட எந்தக் குழந்தையும், அப்படியானால் பொய் சொல்லலாமா என்று கேட்கும்; கேட்கவேண்டும். பல வகுப்புகளில் அந்த வினா அதிகப்பிரசங்கித்தனம் என்று அமர்த்தப்படுகிறது, அல்லது உரையில் உள்ளபடி எழுது என்று முடித்துவைக்கப்படுகிறது. ஆனால் அது உலகின் பெரிய சிந்தனையாளர்கள் தடுமாறிய வினா. ஜெர்மானிய மெய்யியலாளர் இமானுவேல் காண்ட் 1797-இல் எழுதிய ஒரு கட்டுரையில், நண்பனைக் கொல்லத் தேடிவந்தவன் கேட்டாலும் பொய் சொல்வது தவறே என்று வாதிட்டார். வள்ளுவரின் வாய்மை அந்த இடத்தில் நண்பனைக் காக்கவே அனுமதி தருகிறது. பொய்யால் விளைந்த நன்மை குற்றமற்றதா, அது யாருக்கு நன்மை, சொன்னவருக்கே ஆதாயம் இருந்தால் என்னாகும் என்று ஒரு பாடவேளை முழுவதும் அவர்களைப் பேசவிட்டால், வீட்டுப்பாடம் எழுதாததற்குத் தலைவலி என்று சொன்ன பொய் இந்த விதிவிலக்கிற்குள் வராது என்பதைக் குழந்தைகள் தாமாகவே கண்டுகொள்வர். அவ்வாறு கண்டுகொண்டது அவர்களுடையதாகவே நிலைக்கும்.

அறநூல்கள் தமக்குள் ஒத்துப்போகாத இடங்களையும் மறைக்கவேண்டியதில்லை. ஔவையார் தம் ஆத்திசூடியில் சினத்தைத் தணியவேண்டியது என்று வைத்தார். பாரதியார் தம் புதிய ஆத்திசூடியில் அறம் சார்ந்த பெருஞ்சினத்தைப் பழகவே சொன்னார். ஆசாரக்கோவை நீராடும் முறை, உண்ணும் முறை போன்ற புறநடத்தையில் பெரிதும் கருத்துச் செலுத்துகிறது. திருக்குறளோ மனத்தில் மாசு இல்லாமையே அறம் என்றும் பிறவெல்லாம் ஆரவாரம் என்றும் அகத்திற்குத் திரும்புகிறது. எவருடைய சினம், எவர்மேல், எதற்காக என்று பிரித்துப் பார்த்தால் ஔவையும் பாரதியும் முரண்படுகின்றனரா இல்லையா என்பதை எட்டாம் வகுப்பு மாணவரே முடிவு செய்துகொள்வார். எளியவர்மேல் செல்லும் சினமும், எளியவருக்காக வலியவர்மேல் செல்லும் சினமும் ஒன்றல்ல என்பது அவருக்கு அப்போது விளங்கும். நம் மரபு ஒரே குரலில் பேசவில்லை, தலைமுறைதோறும் தனக்குள் வாதிட்டுக்கொண்டே வந்திருக்கிறது என்று அறிந்த பிள்ளை அதை விட்டு விலகுவதில்லை. அந்த வாதத்தில் தானும் ஓர் இடம் கேட்கும்.

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கை உவமையாக்கினார். ஆசிரியராகத் தகாதவருக்குக் கழற்காய் பெய்த குடம், மடல் நிறைந்த பனை, பஞ்சு அடைத்த குண்டிகை, வளைந்த தென்னை ஆகிய நான்கைக் கூறினார். கழற்காய்க் குடம் போட்ட முறைக்கு மாறாகக் கொட்டுவது. பஞ்சடைத்த குண்டிகையில் இடுவதும் எடுப்பதும் கடினம். வளைந்த தென்னை நீர் ஊற்றியவரை விட்டு அயலாருக்குக் காய் தருவது. இவற்றுள் இங்குக் கருதவேண்டியது பனை. அதனிடம் கனி உண்டு. ஆனால் இருபுறமும் கருக்குள்ள மடல்களால் தன்னை மூடிக்கொண்டிருப்பதால் நெருங்குபவர் கையைக் கிழித்துக்கொள்ளவேண்டும், அல்லது அது தானே உதிர்க்கும்வரை காத்திருக்கவேண்டும். புலமை மிக்க ஆசிரியர்கள் பலர் குழந்தைகளுக்கு இவ்வாறே ஆகிவிடுகின்றனர். அதில் அவர்களுடைய குற்றம் மட்டும் இல்லை, பணிச்சுமையும் பதிவேடுகளும் தேர்ச்சிக் கெடுபிடியும் ஆண்டுக்கொரு மடலாக அவர்கள்மேல் வளர்த்த கருக்கும் இருக்கிறது. அந்தச் சுமையைக் குறைக்கக் கேட்பது நியாயம். அந்தக் கோரிக்கையில் பெற்றோரும் சமுதாயமும் உங்களுடன் நிற்கவேண்டும். இம்மடலே தேவைப்படாத ஆசிரியர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கின்றனர் என்பதும் உண்மை; குழந்தைகள் அவர்களை எப்படியும் கண்டுபிடித்துவிடுகின்றனர். ஆனால் சுமை குறையும் நாள்வரை குழந்தை காத்திருக்க முடியாது. ஆறாம் வகுப்பு அதற்கு ஒருமுறைதான் வருகிறது.

ஆகையால் உங்களிடம் வேண்டப்படுபவை இவை. எந்தக் காரணத்திற்காகவும், எத்தனை சிறிய அளவிலும், எந்த அறநூல் வரியையும் தண்டனையாக எழுதிவரச் சொல்லும் வழக்கத்தை வரும் கல்வியாண்டின் முதல் நாளிலிருந்து விட்டுவிடுங்கள். ஒரு பிள்ளையைத் திருத்தவேண்டுமானால் வேறு வழி தேடுங்கள், குறளை அதற்கு இழுக்காதீர்கள். பாடநூலில் எந்த அதிகாரம் வந்தாலும், தேர்வுக்கு வேண்டியதை நடத்தி முடித்தபின் ஒரே ஒரு பாடவேளையை மதிப்பெண் இல்லாததாக அதற்கு ஒதுக்குங்கள். அப்போது குறிப்பேடு மூடியிருக்கட்டும், வினாக்கள் குழந்தைகளிடமிருந்து வரட்டும், முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் நிறைகோல்போல ஒரே அளவு நேரம் கிடைக்கட்டும். அழுக்காறாமை முதல் தீவினையச்சம் வரையுள்ள ஐந்தையும், அவற்றுள் உங்கள் வகுப்புக்கு உரியது ஒன்றே ஆனாலும், ஒருமுறையேனும் சேர்த்துக் கதைபோலச் சொல்லிக்காட்டுங்கள்; பரிமேலழகர் சொன்ன காரணத்தை எளிய சொற்களில் சொன்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது நன்றாகவே விளங்கும். ஓய்வறையில் ஒரு குழந்தையின் பெயர் இகழ்ச்சியோடு எழும்போது, உங்களுள் ஒருவர் பேச்சை மாற்றிவிடுங்கள்.

மிக அரியதான வேண்டுகோள் ஒன்று எஞ்சுகிறது. வகுப்பில் சினம் மீறிப்போன நாள் எல்லா ஆசிரியர் வாழ்விலும் உண்டு. அப்படி ஒரு நாள் வரும்போது, மறுநாள் பாடம் தொடங்கும் முன், அதே வகுப்பின் முன்னிலையில், நேற்றுப் பேசியது தவறு என்று அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சொல்லுங்கள். அதிகாரம் குறைந்துவிடும் என்ற அச்சம் எழும். அந்த அச்சத்தோடேயே சொல்லுங்கள். வெகுளாமைக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு மேலாக எழுதப்பட்டுவரும் உரைகளில் இல்லாத ஓர் உரையை நாற்பது குழந்தைகள் அன்று நேரில் கேட்பார்கள். அதற்குப்பின் பாடநூலைத் திறந்து, முதல்நாள் விட்ட இடத்திலிருந்து நடத்துங்கள்.